குலம் அண்ணையின் குளிர்காலச் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் மலர் அக்கா, குலம் அண்ணையின் மனைவி.

"பிள்ளை, உன்ர அண்ணை எழும்பிறாரில்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. குலம் அண்ணை ஞாயிற்றுக்கிழமையில் படுத்துக் கிடக்கிற ஆள் இல்லை. பிறகுதான் அக்காவின் குரலுக்குப் பின்னால் ஜேர்மன் அம்புலன்ஸ் ஆட்கள் அவசரமாகக் கதைப்பதும், எதையோ பிரித்து வைப்பதும் கேட்டன. அப்போது நான் கேட்ட முதல் கேள்வியை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

"சைக்கிளிலையோ அக்கா?"

"இல்லை. கதிரையில. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர்."

அந்தக் கேள்விக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன். ஏனென்றால் அடுத்த நாளிலிருந்து எசனிலும் டோர்ட்மண்டிலும் எங்கள் ஆட்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நானாவது பதில் வரும்வரை பொறுத்தேன். அவர்கள் பொறுக்கவில்லை. "அறுபத்திரண்டு வயசில பனிக்குள்ள ரேசிங் சைக்கிள் ஓடினால் வேறென்ன நடக்கும்?" என்றார் ஒருவர். "அண்டைக்கே கோயிலில முருகன் காட்டினவர். ஆள் கேக்கேல்லை" என்றார் இன்னொருவர். மனுசன் வீட்டில், சொந்தக் கதிரையில், சூடான தேத்தண்ணியோடு போயிருக்கிறார். ஒருவராவது கதிரையைக் குறை சொன்னாரா? இல்லை.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, எங்கள் வழக்கப்படி, இறந்தவரின் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது அதுதான். அதைத் தொகுக்கிற எங்கள் சங்கச் செயலாளர் ஐயா எனக்குப் போன் எடுத்தார்.

"நீர் அவரோட பதினொரு வருசம் வேலை செய்தனீர். நாலு பக்கம் எழுதித் தாரும். நல்ல விசயங்கள் மட்டும். அந்தச் சைக்கிள் கதை வேண்டாம்."

"ஐயா, நான் ஆறாம் வகுப்போட நிண்டவள். சைக்கிளை விட்டால் எனக்கு நாலு பக்கம் வராது."

"எழுத்துப் பிழையை நான் திருத்துறன்."

"பிழையைத் திருத்துங்கோ. சைக்கிளில கை வைச்சியள் எண்டால், அண்டைக்கு மைக்கை வாங்கி நானே வாசிப்பன்."

ஐயா சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

குலம் அண்ணையை நன்றாகத் தெரியாதவர்களும் இதை வாசிப்பீர்கள். முழுப்பெயர் குலசிங்கம். எசனில் ஒரு இத்தாலிக்காரரின் கடையில் இருபத்தெட்டு வருடம் பீட்சா போட்டவர். கடைப் பலகையில் இத்தாலிக்காரரின் பெயர், மாவில் யாழ்ப்பாணத்தானின் கை. ஜேர்மன்காரர் சாப்பிட்டுவிட்டு, "இதுதான் அசல் இத்தாலிச் சுவை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணை அடுப்படியில் நின்று எனக்குக் கண்ணடிப்பார். நான் அதே சமையலறையில் சலாட் வெட்டிக் கோப்பை கழுவினேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் சலாட். நான் அவருக்கு வைத்த பெயரை இந்தப் புத்தகத்தில் போட ஏலாது.

அந்த அடுப்புக்கு முன்னால் ஆடியும் மார்கழியும் ஒன்றுதான். பீட்சாவை உள்ளே தள்ளி இழுத்து அவருடைய வலக்கையில் ஒரு மயிர் மிச்சம் இல்லை. "அண்ணை, உங்கட வலக்கைக்குப் பத்து வயசு, இடக்கைக்குத்தான் உங்கட வயசு" என்று சொல்லுவேன். மணிக்கொரு தடவை பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போவார். பனி கொட்டினாலும் வெறும் பெனியனோடு இரண்டு நிமிடம் நிற்பார். உடம்பிலிருந்து ஆவி பறக்கும், இட்லிச் சட்டி திறந்த மாதிரி.

"உள்ளுக்கு வாங்கோ, சன்னி பிடிக்கப் போகுது!"

"நெருப்புக்கு முன்னால நிக்கிறவனுக்குக் குளிர்தான் பிள்ளை லீவு."

இதை அவர் ஒரு நூறு தரமாவது சொல்லியிருப்பார். குளிரைக் கண்டால் நாங்கள் கதவைச் சாத்துவோம். அவர் திறந்துகொண்டு போவார். அவர் ஏன் அந்தச் சைக்கிளை வாங்கினார் என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பின்கதவுதான் என் பதில்.

இத்தாலிக்காரர் கடையை ஒரேயடியாக மூடியபின் அவருக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் ஒன்றாக வந்தன. டொக்டர் சைக்கிள் ஓடச் சொன்னார். மலர் அக்காவின் பழைய சைக்கிள், முன்னுக்குக் கூடை வைத்தது. அதை எடுத்துக்கொண்டு பழைய ரயில் பாதையில் போட்டிருக்கிற சைக்கிள் வழியில் போவார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஜேர்மன்காரர் ஆறு பேர் ரேசிங் சைக்கிளில் வருவார்கள். அவர்களில் மூத்தவர் வேர்ணர், மீசைக்காரர். அண்ணையையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் கோப்பி குடித்து முடிக்கிற நேரம் கூடைச் சைக்கிள் போய்ச் சேரும்.

அந்த வருடம் ஒக்டோபர் முடிய வேர்ணர் சொல்லியிருக்கிறார்: "குலம், நீ வெயில் நாட்டுக்காரன். இனி வாற குளிர் எங்களுக்கே கஷ்டம். ஏப்ரலில் சந்திப்போம்."

அண்ணை நேரே என் வீட்டுக்கு வந்தார். தலையில் ஹெல்மெட் அப்படியே இருக்கிறது.

"முப்பத்திமூண்டு பனி கண்டவன் நான். என்னைப் பாத்து ஏப்ரலில வரட்டாம்!"

"நல்லதுக்குத்தானே அண்ணை சொன்னவர்."

"நல்லதுக்குச் சொல்லிச் சொல்லித்தான், சலாட், ஆக்களை இருத்தி வைக்கிறது. போகாதை, ஓடாதை, இழுத்து மூடு, பேசாமல் இரு. வாற ஞாயிறுக்கு முதல் நான் ஒரு சைக்கிள் எடுக்கிறன். அது வேகமாகவும் ஓடோணும், பனியிலயும் ஓடோணும்."

மலர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீயும் கூடப் போ. எப்பிடியாவது குழப்பிப்போட்டு வா." நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனேன்.

சைக்கிள் கடையில் விற்க நின்றது, கையெல்லாம் பச்சை குத்திய ஒரு இளம் பெட்டை. அண்ணை உள்ளே போனதும் கறுப்பு நிறத்தில் ஒன்றைப் பிடித்தார். ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். "சலாட், இங்க பார், அப்பளம்!" பெட்டை தலையை ஆட்டினாள். அது கோடைக்காம். சட்டத்துக்கும் ரயருக்கும் நடுவில் விரல் போகாது, மட்காட் பூட்ட இடமில்லை, ஈர றோட்டில் ஓடினால் சேறு முதுகில் கோடு போட்டு ஏறும் என்றாள். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

"கேட்டியளோ அண்ணை? அக்கா சேத்து உடுப்புத் தோய்க்கமாட்டா. வாங்கோ வீட்ட போவம்."

"பொறு. அப்ப குளிருக்கு எது எண்டு கேள்."

கேட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. பெட்டைக்கு உற்சாகம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து பச்சை நிறத்தில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். அலுமினியச் சட்டம், பனி உருக றோட்டில் கொட்டுகிற உப்புக்குக் கறள் பிடிக்காது. ரயர் கொஞ்சம் அகலம். முன்னுக்கும் பின்னுக்கும் முழு மட்காட். சில்லுச் சுற்றும்போது தானாக எரிகிற லைட். பிரேக், சில்லின் நடுவிலிருக்கும் தகட்டைப் பிடிக்கிற வகை, மழையிலும் வழுக்காது. ஆனால் கைபிடி செம்மறிக் கிடாயின் கொம்பு மாதிரி வளைந்து, ரேசிங் சைக்கிள் போலவே இருந்தது.

"வேகம் போகுமோ?" என்று கேட்கச் சொன்னார்.

"உன்னால் மிதிக்க முடிந்தால் அதனால் போக முடியும்" என்றாள்.

அந்தப் பதில் அண்ணைக்குப் பிடித்துவிட்டது. குனிந்து ரயரைப் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் மாவைப் பார்த்த அதே விரல். "இவ்வளவு காத்துக் கூடாது. குளிருக்குக் கொஞ்சம் இளக்கமா இருக்கோணும். இறுகின மாவு பலகையில நிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். இதுவும் அப்பிடித்தான்." நான் அதை ஜேர்மனில் சொன்னதும் பெட்டை வாயைத் திறந்தபடி நின்றாள். அதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த அவளுக்கு அரை மணித்தியாலம் போகுமாம்.

கடைசி முயற்சியாக, மின்சாரச் சைக்கிள் எடுக்கச் சொன்னேன். "மோட்டர் ஓடுறதெண்டால் மோட்டரே போயிட்டு வரட்டும். நான் வீட்டில இருக்கிறன்" என்றார். பிறகு இறுக்கக் காற்சட்டை போட்டுப் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். அந்தக் காட்சியை முருகன் எனக்கு இன்னொரு தரம் காட்டக் கூடாது.

"அண்ணை, இதோட சங்கத்துப் பக்கம் வந்திடாதேங்கோ. மாதர் கூட்டம் நடவாது."

"உனக்குப் பொறாமை, சலாட்."

வீட்டில் மலர் அக்கா கதவைத் திறந்தார். என் கையில் புது ஹெல்மெட்.

"உன்னை என்னத்துக்கு அனுப்பினனான்?"

"குழப்பத்தான் அக்கா போனனான். கடைசியில நான்தான் குழம்பிப்போய் நிண்டன், பச்சையோ சிவப்போ எண்டு."

இனி எழுதப்போவதைத்தான் நீங்கள் எல்லோரும் முருகன் காட்டியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். புது வாகனம் எடுத்தால் கோயிலில் பூசை செய்யாமல் ஓடுவோமா? அண்ணை பச்சைச் சைக்கிளை எங்கள் முருகன் கோயிலுக்குக் கொண்டுவந்தார். அது முன்பு தொழிற்சாலையாக இருந்த கட்டடம். வாசலுக்கு வருகிற பாதை சரிவு. ஐயர் தேங்காய் உடைத்தார், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார், கைபிடிக்கும் சட்டத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பக்கத்தில் நான். அந்தப் பிரேக் தகடு வெள்ளி மாதிரிப் பளபளவென்று வட்டமாக இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல எனக்குப் பட்டது.

"ஐயா, அந்தத் தகட்டிலயும் வடிவா வையுங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும்."

ஐயர் பாவம். விளக்கு ஏற்றிய கை, விரலெல்லாம் நெய். அந்த விரலால் சந்தனத்தைக் குழைத்து, நான் காட்டின இடமெல்லாம் அப்பினார்.

அண்ணை ஏறினார். தேசிக்காய் நசிந்தது. எல்லோரும் அரோகரா சொன்னோம். சரிவில் இறங்கி வாசலடியில் பிரேக் பிடித்தார். சைக்கிள் நிற்கவில்லை. பன்றியை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அப்படியே சப்பாத்துத் தட்டுக்குள் போய் விழுந்தார். பூசைக்கு வந்த கூட்டத்தின் அத்தனை சப்பாத்தும் அவருக்கு மேலே. முழங்காலில் ஒரு உரசல், அவ்வளவுதான். மலர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். யாரோ ஒருவர் மெதுவாக, "முருகன் தடுக்கிறார்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது அந்தக் கதை.

திங்கட்கிழமை நானும் அண்ணையும் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனோம். பெட்டை பிரேக் கட்டைகளைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். "இது என்ன மஞ்சளாக? எண்ணெய் ஊறியிருக்கிறது. இந்தத் தகட்டில் விரல்கூடப் படக் கூடாது." புதுக் கட்டை பூட்டி, தகட்டைத் துடைத்துக் கொடுத்தாள். மனுசன் றோட்டில் விழுந்திருந்தால்?

"அண்ணை, நான்தான் ஐயருக்குக் காட்டினனான்."

"தெரியும். பக்கத்திலதானே நிண்டனான்."

"அக்காவிட்டச் சொல்லுவம். எல்லாரும் முருகன் தடுத்தவர் எண்டெல்லோ கதைக்கினம்."

அண்ணை பழைய கட்டைகளைச் சட்டைப் பைக்குள் போட்டார். "விடு சலாட். பழியை முருகன் தாங்குவார். நீ தாங்கமாட்டாய்."

நானும் விட்டுவிட்டேன். வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், இரண்டு வருடத்துக்கு மேல் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குளிரிலேயே ஒரு ஞாயிறு பூச்சியத்துக்குக் கீழே ஆறு. ரயில் பாதையில் வெள்ளை. ஆறு பேரில் ஐந்து பேர் வரவில்லை. வேர்ணர் மட்டும், சந்திக்கிற இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பச்சைச் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அண்ணை நின்றிருக்கிறார், கையில் இஞ்சி போட்ட பிளேன்ரீப் போத்தல். மூடியில் ஊற்றி நீட்டிக்கொண்டு சொன்னாராம்: "வா வேர்ணர். ஏப்ரல் வந்துவிட்டது."

அன்றிலிருந்து அந்த ஆறு பேருக்கும் அவர் பெயர் ஏப்ரல். முதல் ஆளாக ஒருநாளும் ஓடவில்லை. ஆனால் கோப்பிக் கடைக்குக் கோப்பி ஆறுவதற்கு முதல் போய்ச் சேர்ந்தார். அது போதும் என்பார்.

செத்தவீட்டில் பின்வரிசையில் ஆறு ஜேர்மன்காரர், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய மலர்வளையத்தில் "எங்கள் ஏப்ரலுக்கு" என்று இருந்தது. "தை மாதத்தில செத்தவருக்கு ஏப்ரல் எண்டு அடிச்சிருக்கிறாங்கள்" என்று சிரித்தவர்களுக்கு இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் மலர் அக்காவோடு டொக்டரிடம் போனேன், மொழிபெயர்க்க. இதயத்துக்குப் போகிற குழாய் பல வருடமாகவே பழுதாம். "சைக்கிளாலயோ எண்டு கேள்" என்றார் அக்கா. கேட்டேன். டொக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சைக்கிள் இல்லாவிட்டால் இது முதலே நடந்திருக்கலாம்" என்றார். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அக்கா நம்பவில்லை. பச்சைச் சைக்கிளைத் தூக்கி எறிய, பெரிய குப்பை எடுக்கிறவர்களிடம் நாள் குறித்து ரெர்மினும் போட்டுவிட்டார்.

போன கிழமை அதை வெளியே எடுத்து வைக்க நானும் கெல்லருக்கு, வீட்டுக்குக் கீழே சாமான் வைக்கிற அறைக்கு, இறங்கினேன். சாமான் பெட்டிக்குள் ஒரு தேயிலைத் தகரம். அதற்குள் விபூதிக் கடதாசியில் சுற்றி இரண்டு சின்னக் கட்டைகள், ஓரத்தில் இன்னும் மஞ்சள்.

"இதென்ன பிள்ளை?"

சொன்னேன். தகடு, நெய் விரல், நான் காட்டிய இடம், அண்ணை சொன்னது, எல்லாம்.

அக்கா கெல்லர்ப் படியில் இருந்துவிட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு மேல! ஒவ்வொரு வெள்ளியும் போய் அந்த முருகனைப் பேசிப்போட்டு வந்தனான், அண்டைக்குத் தடுத்த நீ பிறகேன் விட்டனீ எண்டு. உன்னையெல்லோடி பேசியிருக்கோணும்!"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். பிறகு குரல் இறங்கியது.

"அந்தக் கடைசி ஞாயிறு, சைக்கிளில போகவேண்டாம், ஒரு ஞாயிறெண்டாலும் வீட்டில இருங்கோ எண்டு மறிச்சது நான், பிள்ளை."

"மறிச்சபடியால்தான் அக்கா உங்கட கையால தேத்தண்ணி குடிச்சவர். இல்லாட்டி வேர்ணரின்ர முகத்தைப் பாத்துக்கொண்டெல்லோ போயிருப்பார். அந்த மீசையை!"

அக்கா என் தோளில் ஒன்று போட்டார். நோகத்தான் போட்டார். எழும்பிச் சைக்கிளின் கைபிடியைத் தடவினார்.

"அந்த ரெர்மினை வேண்டாம் எண்டு சொல்லு. எனக்கு அவையின்ர ஜேர்மன் விளங்காது. பிறகு, நீ எழுதுறதை எழுது. சைக்கிளையும் எழுது, உன்ர சந்தனத்தையும் எழுது."

எழுதிவிட்டேன். கோயிலில் யாரும் எதையும் காட்டவில்லை. நான்தான் ஐயருக்கு விரலை நீட்டிக் காட்டினேன். இனி அந்தக் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு பிரேக் கட்டைகளையும் அக்கா எனக்குத் தந்துவிட்டார். அடுப்புக்குப் பக்கத்தில், உப்புப் போத்தலோடு வைத்திருக்கிறேன். அண்ணை, நான் தாங்கமாட்டேன் என்றீர்கள். பாருங்கோ, தாங்குறன்.

முப்பத்தோராம் நாள் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் பச்சைச் சைக்கிளும் நிற்கும். அக்காவின் உத்தரவு. பொட்டு வைக்க விரும்புகிறவர்கள் மட்காட்டில் வையுங்கள், கைபிடியில் வையுங்கள். பிரேக்கில் மட்டும் வேண்டாம்.